நெயில் கன்: எதை வாங்குவது, கையில் படாமல் எப்படி அடிப்பது

இன்டீரியர் வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவியான நெயில் கன்னில் எதை வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். பிளைவுட் வேலையில் கன் அடிக்கும் மெல்லிய ஆணி மூட்டைத் தாங்குவதற்கு அல்ல. பசை காயும்வரை இரண்டு பலகையும் நகராமல் பிடித்துவைப்பதற்கு. பாரத்தைத் தாங்குவது ஃபெவிகாலும் ஸ்க்ரூவும்தான். இது புரிந்தவருக்குச் சின்ன கன்னும் குறைந்த காற்றுமே போதும். புரியாதவர் ஆணி பிடிக்கவில்லை என்று காற்றைக் கூட்டுவார், ஆணியை நீளமாக்குவார், பலகையைப் பிளப்பார். விரலில் ஆணி ஏறுவதும் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான்.

கன்னுக்குள் நடப்பது எளிமையானது. சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் அடியில் நீளமான எஃகுத் தகடு ஒன்று பொருத்தியிருக்கும். அதை டிரைவர் பிளேடு என்பார்கள். ட்ரிக்கரை அழுத்தினால் மேலே உள்ள வால்வு திறந்து, தேங்கியிருந்த காற்று மொத்தமும் ஒரே நொடியில் பிஸ்டன்மேல் பாய்கிறது. பிளேடு இறங்கி, ஆணிகளை வரிசையாக ஒட்டிவைத்த பட்டையிலிருந்து ஒரு ஆணியை வெட்டி மரத்துக்குள் தள்ளுகிறது. கீழே பம்பர் என்ற ரப்பர் வளையம் அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. பிற்பாடு வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்தப் பிளேடு, பம்பர், காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மூன்றுக்குள் அடங்கிவிடும்.

எந்த வேலைக்கு எந்த கன்

கடையில் பெயரைவிட நம்பரைத்தான் பேசுவார்கள். அந்த நம்பர் பெரும்பாலும் அந்த கன் ஏற்கும் அதிகபட்ச ஆணி நீளத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது எஃப்30. 18 கேஜ் பின் (மெல்லிய ஆணி; கேஜ் எண் கூடக் கூட ஆணி மெலியும்), 10 முதல் 30 மி.மீ. வரை நீளம். 6 மி.மீ. பேக் பேனல், பீடிங், டிராயர் அடிப்பலகை, ஸ்கர்ட்டிங், மெல்லிய ரீப்பர் (மரச்சட்டம்) எல்லாவற்றுக்கும் இதுவே போதும். எடை குறைவு, காற்றும் குறைவாகவே குடிக்கும். அதே 18 கேஜில் 50 மி.மீ. வரை போகும் எஃப்50 இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஃப்50 வாங்குவது நல்லது. ஆனால் 50 மி.மீ. பின் மெல்லிசாகவும் நீளமாகவும் இருப்பதால் உள்ளே போகும்போது வளைந்து பக்கவாட்டில் எட்டிப்பார்க்கும் ஆபத்து கூடுதல் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டி50 என்பது 16 கேஜ், 20 முதல் 50 மி.மீ. வரை. கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் ஆர்க்கிட்ரேவ் சட்டம், 18 மி.மீ. பிளையின் பெட்டி மூட்டு, கெட்டியான ரீப்பர் ஃபிரேம் போன்றவற்றுக்கு இது சரியாக இருக்கும். எஃப் பின்னை டி கன்னிலோ, டி பின்னை எஃப் கன்னிலோ போட முயலாதீர்கள். மெல்லிய பின் தடிமனான வாயில் இரண்டிரண்டாகப் புகுந்து அடைத்துக்கொள்ளும்.

23 கேஜ் பின் கன், தலையே இல்லாத ஊசி போன்ற பின்னை அடிக்கும். வெனீர் பீடிங், சின்ன கண்ணாடி பீடிங் போன்ற நுணுக்க வேலைக்கு மட்டும் அது. ஓட்டையைப் புட்டி வைத்து மறைக்கக்கூட வேண்டியிருக்காது. சோபா துணி, ரெக்ஸின் வேலை தனி உலகம். அங்கே 80 சீரிஸ் ஸ்டேப்லர்தான், பின் நீளம் 16 மி.மீ.க்குள்.

எஸ்டி64 சுவருக்கான கன். சுமார் 2.2 மி.மீ. தடிமனுள்ள எஃகு ஆணி, 18 முதல் 64 மி.மீ. வரை. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம். பேலட், பேக்கிங் பெட்டி, ஷட்டரிங் வேலைக்குச் சுருள் ஆணி போடும் சிஎன்55, சிஎன்80 கன்கள் வருகின்றன. ஒரு சுருளில் முந்நூறு ஆணிக்கு மேல் கூட இருக்கும். வீட்டு இன்டீரியருக்கு அவை தேவையே இல்லை.

ஆணி நீளத்துக்கு ஒரு கணக்கு: மேலே வைக்கும் மெல்லிய பலகையின் தடிமனைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு. 6 மி.மீ. பேனலுக்கு 15 அல்லது 20 மி.மீ. பின். 12 மி.மீ. பலகைக்கு 30 மி.மீ. 18 மி.மீ. பலகையை இன்னொரு 18-ன் விளிம்பில் நிறுத்தும்போது டி50-ல் 45 அல்லது 50 மி.மீ., பிறகு கட்டாயம் ஸ்க்ரூ. ஆணியின் மொத்த நீளம் இரண்டு பலகையின் சேர்ந்த தடிமனைவிடக் குறைந்தது 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் முனை வந்துவிடும்.

ட்ரிக்கரைப் பார்த்து வாங்குங்கள்

விலையைக் கேட்கும் முன் கன்னின் மூக்கைப் பாருங்கள். நல்ல கன்னின் முனையில் ஸ்பிரிங்கோடு அசையும் ஒரு கம்பியோ தகடோ இருக்கும். அதை மரத்தில் அழுத்தினால்தான் ட்ரிக்கர் வேலை செய்யும். இதுதான் சேஃப்டி நோஸ். மலிவான சின்ன கன்கள் சிலவற்றிலும், பெரும்பாலான ஸ்டேப்லர்களிலும் இது கிடையாது. ட்ரிக்கரைத் தொட்டாலே அடிக்கும். நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அப்படிப்பட்ட கன்னை வாங்குவதை நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம்.

அடுத்து, ட்ரிக்கர் முறை. ஒரு வகையில் முதலில் மூக்கை அழுத்த வேண்டும், அப்புறம் ட்ரிக்கர். ஒவ்வொரு ஆணிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இதை சீக்வென்ஷியல் என்கிறார்கள். இன்னொரு வகையில் ட்ரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூக்கை மரத்தில் தட்டித் தட்டிப் போகலாம். தட்டுகிற இடத்திலெல்லாம் ஆணி இறங்கும். வேகம்தான். ஆனால் கன் பின்னுக்கு உதைத்து மூக்கு மறுபடி மரத்தில் படும்போது கேட்காமலே இரண்டாவது ஆணி பாயும். ட்ரிக்கரில் விரலோடு நடந்துபோய்த் தொடையில் இடித்தாலும் பாயும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நயாஷும் 2011-ல் கட்டுமான ஒப்பந்தக்காரர்களுக்கு வெளியிட்ட நெயில் கன் வழிகாட்டி, தட்டி அடிக்கும் வகையில் காயம் ஏற்படும் வாய்ப்பு சீக்வென்ஷியல் வகையைவிட இரு மடங்கு என்கிறது. ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் அங்கே நெயில் கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வருவதாகவும், காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும்தான் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. புதியவர் கையில் சீக்வென்ஷியல் கன்தான் இருக்க வேண்டும்.

சேஃப்டி நோஸை ஒயரால் கட்டிவைப்பது, ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவது சைட்டில் கண்ணில் படும் வழக்கம். அப்படிச் செய்திருக்கும் கன்னை யார் கொடுத்தாலும் வாங்கி அடிக்காதீர்கள்.

கம்ப்ரசரும் ஹோஸும்

எஃப்30, டி50 மட்டும் போதும் என்றால் 1 ஹெச்பி மோட்டார், 24 லிட்டர் டேங்க் உள்ள கம்ப்ரசர் போதுமானது. டேங்கில் 8 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பி 5 பாருக்கு இறங்கும்வரை அடிக்கிறீர்கள் என்றால், கிடைக்கும் காற்று 24 பெருக்கல் 3, அதாவது 72 லிட்டர். எத்தனை ஆணிக்கு வரும் என்று உங்கள் கன்னிலேயே தெரிந்துகொள்ளலாம்: டேங்கை நிரப்பி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழிவுக் கட்டையில் எண்ணி எண்ணி அடியுங்கள். ஆணித்தலை மேலே நிற்கத் தொடங்கும் எண்தான் உங்கள் கணக்கு. எஸ்டி64 அல்லது சுருள் ஆணி கன் அடித்தால் இந்த டேங்க் சீக்கிரம் காலியாகும்; 2 ஹெச்பி, 50 லிட்டர் பார்க்க வேண்டும்.

புது அப்பார்ட்மெண்ட் சைட்டில் தற்காலிக கனெக்ஷனில் வோல்டேஜ் இறங்கியிருக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை 30 மீட்டர் இழுத்தால் மோட்டார் முக்கிக்கொண்டே நின்று, வைண்டிங் எரியும். ஒயரைக் குறைத்து ஹோஸை நீட்டுங்கள். கம்ப்ரசர் பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே இருக்கட்டும். ஹோஸ் உள்விட்டம் 8 மி.மீ. இருந்தால் 15 மீட்டர் வரை அழுத்தம் பெரிதாகக் குறையாது. சின்ன விட்டமுள்ள சுருள் ஹோஸ் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடுத்தடுத்து வேகமாக அடித்தால் காற்று பற்றாது.

ஒரு சின்ன பித்தளைத் துண்டைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. கன்னின் பின்புறத்தில் இருக்க வேண்டியது ஆண் நிப்பிள், அதாவது உள்ளே வால்வு இல்லாத வெற்றுக் குழாய். பூட்டும் கப்ளர் ஹோஸ் பக்கம்தான் இருக்க வேண்டும். சிலர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் ஹோஸைக் கழற்றிய பிறகும் கன்னுக்குள் காற்று அடைபட்டுக் கிடக்கும். கழற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் மூக்கைத் தொடுவீர்கள், இன்னொரு ஆணி பாயும். இன்றே உங்கள் கன்னைப் பாருங்கள். ஹோஸைக் கழற்றும்போது 'புஸ்' என்று கன்னிலிருந்து காற்று வெளியேறினால் சரியாக இருக்கிறது.

வெல்டிங் பட்டறையில் காற்று இல்லையென்று ஆக்ஸிஜன் சிலிண்டரையோ வேறு கேஸ் சிலிண்டரையோ கன்னில் மாட்ட எண்ணவே கூடாது. எண்ணெய் இருக்கும் இடத்தில் ஆக்ஸிஜன் அழுத்தத்தோடு பாய்ந்தால் கன் வெடிக்கும். சிலிண்டர் அழுத்தமும் கன் தாங்குவதைவிடப் பல மடங்கு அதிகம். கம்ப்ரசர் காற்று மட்டும்தான்.

வேலையைத் தொடங்கும்போது

1. டேங்கின் அடியில் உள்ள டிரெயின் காக்கைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். கடலோர ஊர்களில், மழைக்காலத்தில் ஒரே நாளில் ஒரு டம்ளர்கூட வரும். அது கன்னுக்குள் போனால் சிலிண்டர் துருப்பிடிக்கும்.

2. கண்ணாடி போடுங்கள், பக்கவாட்டையும் மூடும் வகை. காதுக்கு இயர்மஃப் அல்லது ஃபோம் இயர்பிளக். நெயில் கன்னின் உச்ச ஒலி 109 முதல் 136 டெசிபல் வரை அளக்கப்பட்டிருக்கிறது. மூடிய அறையில் வாட்ரோப்புக்குள் தலையை விட்டு அடிக்கும்போது அது உறைக்கும்.

3. கன்னில் ஆணி இல்லாமல், காற்று நுழையும் நிப்பிளில் இரண்டு மூன்று சொட்டு நியூமேடிக் ஆயில் விடுங்கள். மண்ணெண்ணெய், டூடி ஆயில், துரு நீக்கும் ஸ்ப்ரே வேண்டாம். ஓ-ரிங் உப்பி, அப்புறம் வெடித்துவிடும்.

4. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை 60 பிஎஸ்ஐயில் (சுமார் 4 பார்) வைத்து ஹோஸை மாட்டுங்கள். மாட்டும்போது விரல் ட்ரிக்கரில் இருக்கக் கூடாது, மூக்கு ஆளில்லாத தரைப் பக்கம் பார்க்கட்டும். எங்காவது காற்று கசிகிறதா என்று கேளுங்கள்.

5. மூக்கை எதிலும் அழுத்தாமல் ட்ரிக்கரை இழுத்துப் பாருங்கள். அடித்தால் அந்த கன் அன்று வேலைக்கு வேண்டாம், ரிப்பேருக்குத்தான்.

6. ஹோஸைக் கழற்றி, ஆணிப் பட்டை இருக்கும் மேகசினை இழுத்து, பட்டையைப் போட்டு மூடி, மறுபடி மாட்டுங்கள். எஃப் பின் ஒரு பட்டையில் 100 இருக்கும். இரண்டு மூன்று பின் மட்டும் மிஞ்சிய துண்டுப் பட்டையைப் போடுவதைத் தவிர்க்கலாம், அதுதான் அடிக்கடி சாயும்.

7. உங்கள் வேலையில் வரும் அதே பலகையின் கழிவுத் துண்டில் அடித்துப் பாருங்கள். தலை மேலே நின்றால் 5 பிஎஸ்ஐ கூட்டுங்கள், மறுபடி அடியுங்கள். தலை பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனதும் நிறுத்துங்கள். எஃப்30-க்கு 100 பிஎஸ்ஐக்கு மேல் எதற்கும் தேவையில்லை. கன்மேல் அச்சிட்ட அதிகபட்ச அழுத்தத்தைத் தாண்டவே கூடாது.

கையை எங்கே வைப்பது

இங்கேதான் கவனம் முழுவதும் தேவை. ஆணி மரத்துக்குள் நேராகப் போகும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அது அப்படிப் போவதில்லை. உள்ளே கணு இருந்தாலோ, பிளையில் கெட்டியான அடுக்கு குறுக்கே வந்தாலோ, ஏற்கெனவே அடித்த ஸ்க்ரூவில் மோதினாலோ, மெல்லிய பின் வளைந்து பலகையின் பக்கவாட்டில் வெளியே வரும். 50 மி.மீ. பின் என்றால் வெளியே வரும் முனை விரலின் குறுக்கே போகப் போதுமான நீளம். பலகையின் விளிம்பை ஒரு கையால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு மறுகையால் அடிப்பவருக்குத்தான் இது நேர்கிறது.

அடிக்கும் இடத்திலிருந்து கையை ஒரு அடி, அதாவது 30 செ.மீ. தள்ளி வையுங்கள். பீடிங் போன்ற சின்னப் பொருளில் அது முடியாது என்றால் கையால் பிடிக்காதீர்கள். கிளாம்ப் போடுங்கள், அல்லது ஒரு ரீப்பர் துண்டால் அழுத்திப் பிடியுங்கள். மூட்டின் பின்பக்கம், அலமாரிக்குள், யாரும் கை வைத்திருக்கவில்லை என்று குரல் கொடுத்துக் கேட்டுவிட்டு அடியுங்கள். ஹெல்ப்பர் பெட்டிக்குள் பலகையைத் தாங்கிக்கொண்டிருக்க, வெளியிலிருந்து அடிக்கும் வழக்கம் ரொம்ப மோசமானது.

கன்னின் மூக்கைப் பரப்பில் சமமாக, செங்குத்தாக வையுங்கள். சாய்த்து வைத்தால் ஆணி சறுக்கும். உறுதியாக அழுத்துங்கள், ஆனால் கன் மேலே உதைத்து எழுந்தால் எழ விடுங்கள். அடித்த பிறகும் அமுக்கிப் பிடித்தால்தான் இரட்டை ஆணி விழும். ட்ரிக்கரை இழுத்ததும் விரலை எடுத்துக் கைப்பிடியில் வையுங்கள். அடுத்த இடத்துக்கு நகரும்போது விரல் ட்ரிக்கரில் இருக்கவே கூடாது. முகத்தைக் கன்னுக்கு நேர் மேலே வைக்காமல் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

விளிம்பிலிருந்து 15, 20 மி.மீ. உள்ளே தள்ளி, 100 முதல் 150 மி.மீ.க்கு ஒன்று என்ற இடைவெளியில் அடித்தால் போதும். எம்டிஎஃப்பின் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) விளிம்பில் அடித்தால் அடுக்கு பிரிந்து உப்பும். அங்கே ஆணியை நம்பாமல் துளை போட்டு ஸ்க்ரூ. காய்ந்த வேங்கை போன்ற கெட்டி மரத்தில் 18 கேஜ் பின் பாதியில் மடங்கும். அங்கேயும் காற்றைக் கூட்டுவதால் பயனில்லை. 16 கேஜுக்கு மாறுங்கள். சன்மைக்கா ஒட்டும் பலகை என்றால் ஒட்டும் முன்னாலேயே ஆணி அடித்து, குழியைப் புட்டி வைத்துச் சமன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆணித்தலையும் பளபளப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஏணிமேல் வேலை என்றால் கன்னை ஹோஸால் மேலே இழுக்காதீர்கள். கழற்றி, கையில் கொடுத்து, மேலே போன பிறகு மாட்டுங்கள்.

சுவரில் அடிக்கும்போது

எஸ்டி64-ஐ எடுக்கும் முன் சுவரை அறிந்துகொள்ள வேண்டும். செங்கல் சுவரில் சிமெண்ட் பூச்சு சுமார் 12 முதல் 20 மி.மீ. இருக்கும், ஆணி பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் 15, 20 மி.மீ. போனால்தான் பிடிக்கும். 12 மி.மீ. ரீப்பரைப் பதிக்க 50 மி.மீ. ஆணி என்று கணக்கு வரும். கான்கிரீட் தூண், பீம் என்றால் அவ்வளவு நீளம் போகாது, வளைந்து தெறிக்கும். 25 முதல் 38 மி.மீ. போதும். ஏஏசி லைட்வெயிட் பிளாக் சுவரில் ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், அப்படியே கையோடு வந்துவிடும். அங்கே நைலான் பிளக்கும் ஸ்க்ரூவும்தான் வழி.

மேல்சுவர் கப்போர்டு, டிவி பேனல், ஃபால்ஸ் சீலிங் தொங்கல் எதையும் இந்த ஆணியை நம்பித் தொங்கவிடக் கூடாது. ரீப்பரை இடத்தில் நிறுத்த மட்டும் ஆணி. பாரத்துக்கு ஆங்கர் ஃபாஸ்ட்னர்.

சுவருக்குள் ஒயர் போகும் பாதை முக்கியம். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஒரு கை அகலத்துக்கு ஆணி வேண்டாம். ஏசி பாயிண்ட், கீஸர் பாயிண்ட், குளியலறைச் சுவரின் மறுபக்கம் குழாய் இருக்கும் இடம் எல்லாவற்றையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டு, அந்த அறையின் எம்சிபி சுவிட்சை (மெயின் போர்டில் உள்ளது) அணைத்துவிட்டு அடியுங்கள்.

கன் மக்கர் செய்தால்

எதைத் திறப்பதாக இருந்தாலும் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். சிக்கிய ஆணியை எடுக்கும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். கழற்றி, பட்டையை எடுத்து, மூக்கின் முன் தகட்டைத் திறந்து, நோஸ் பிளையரால் ஆணியை இழுங்கள்.

ட்ரிக்கர் அடியில் காற்று கசிந்தால் ட்ரிக்கர் வால்வின் ஓ-ரிங் போயிருக்கிறது. அடிக்காமல் வைத்திருக்கும்போதே எக்ஸாஸ்ட் வழியாக ஓயாமல் காற்று வந்தால் ஹெட் வால்வின் ஓ-ரிங். தலைமூடி ஓரத்தில் வந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும் அல்லது கேஸ்கெட் கிழிந்திருக்கும். அடித்த பிறகு பிளேடு மேலே ஏறாமல் நின்றால் எண்ணெய் வற்றியிருக்கலாம், அல்லது பம்பர் நொறுங்கித் துண்டுகள் அடைத்திருக்கும். சத்தம் வருகிறது, ஆணி வரவில்லை என்றால் மேகசினில் மரத்தூள் அடைத்திருக்கிறதா, தள்ளும் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறதா, பட்டை துருப்பிடித்து ஒட்டியிருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் தலை மேலே நின்றாலோ, பக்கத்தில் பிளேடின் வெட்டுத் தடம் விழுந்தாலோ, பிளேடு முனை மழுங்கிவிட்டது. பிளேடு, பம்பர், ஓ-ரிங் சேர்ந்த ரிப்பேர் கிட் கிடைக்கும்; கன் வாங்கும் கடையிலேயே அது உண்டா என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். உதிரி கிடைக்காத கன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஓர் ஆண்டில் குப்பைதான்.

ஆணி ஏறிவிட்டால்

பிளையர் போட்டுப் பிடுங்காதீர்கள். பட்டையில் ஆணிகளை ஒட்டிவைக்கும் பசை அதன் உடலில் இருக்கும்; அது சதைக்குள் போயிருக்கும், ஆணி எலும்பிலோ நரம்பிலோ மாட்டியிருக்கவும்கூடும். பலகையோடு சேர்ந்து குத்தியிருந்தால் பலகையை வெட்டிச் சின்னதாக்கி, அப்படியே எக்ஸ்-ரே உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வெளியே வலி குறைவாக இருக்கிறது என்று விட்டுவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கண், தலை, மார்பு, வயிறு என்றால் ஆணியைத் தொடாமல், ஆளை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உடம்பில் ஒட்டிய மரத்தூளை ஹோஸ் காற்றால் ஊதிக்கொள்வதையும் விட்டுவிடுங்கள். சிறு காயத்தின் வழியே காற்று தோலுக்கடியில் புகும், தூள் கண்ணில் ஏறும். ஒரு பிரஷ் போதும்.

வேலை முடிந்ததும் முதலில் ஹோஸைக் கழற்றி, பிறகு மிச்ச பின்னை எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். கன்னில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஆணியில்லாமல் கட்டையில் ஓரிரு முறை அடித்துப் பரவவிட்டுப் பெட்டியில் வையுங்கள். கம்ப்ரசர் பிளக்கைப் பிடுங்கி, டேங்கில் இருக்கும் காற்று முழுவதையும் டிரெயின் காக் வழியாக வெளியேற்றி, காக்கைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போங்கள். காலையில் மூடினால் போதும்.